தோப்பூரில் ஒரு கோப்பியும் நாலு கதிரையும்

வேலையாக வெளியூர் போன இடத்தில், ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்து எழுதவும் ஒரு தேநீர் குடிக்கவும் இடம் தேடி அலைந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆண்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை இருக்கிறதே, இதிலென்ன கஷ்டம் என்பார்கள். அந்தக் கடை நமக்கும் உரியதுதானா என்பதை நாம் வாசலில் நின்றுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நான் சமூக சேவைத் துறையில் வேலை செய்பவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். சொந்த ஊர் மட்டக்களப்பு. தற்போது திருகோணமலை நகரில் தங்கியிருந்து வாரத்தில் மூன்று நாட்கள் தோப்பூர்ப் பக்கம் போய் வருகிறேன். வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் எடுப்பது, அன்றைய அறிக்கையை அன்றே எழுதிக் கொழும்புக்கு அனுப்புவது, இதுதான் என் வேலை. ஊருக்குள் எங்களுக்கு அலுவலகம் கிடையாது. தோளில் தொங்கும் மடிக்கணினியும் கைத்தொலைபேசியுமே அலுவலகம்.

இப்போது உலகமெங்கும் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். 2020இல் கொரோனா வந்து அலுவலகங்களை மூடிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பாலித் தீவிலும் லிஸ்பனிலும் கோப்பிக் கடைகளில் இருந்துகொண்டே ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கம்பனிக்கு வேலை செய்கிறார்கள். நல்ல கடை எது, எங்கே மின்சாரம் கிடைக்கும், எங்கே நீண்ட நேரம் இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படியொரு கடையைத் தோப்பூரில் நான் தேடிய கதை இது.

பாலத்தைக் கடந்து

திருகோணமலையிலிருந்து மூதூர் பஸ்ஸில் ஏறினால் சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலம் வருகிறது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன் இவ்விடத்தில் படகுப் பாதைதான். உப்பாறு, கங்கை, இறால்குழி என்று இந்த வழியில் பாலங்களுக்குக் குறைவில்லை. பாலங்கள் வருவதற்கு முன் இவ்வழியாகப் பள்ளிக்கூடம் போன ஆசிரியைகள், ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிகள் எல்லோருக்கும் துறையில் காத்திருப்பதே வாழ்க்கையாக இருந்தது. மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து வள்ளத்தில் போவதும் வழக்கம்.

மகாவலி ஆறு கடலோடு கலக்கும் இடம் இந்தக் குடாதான். வழியோரத்தில் எருமைத் தயிர் முட்டிகளை அடுக்கி வைத்து விற்கிறார்கள். இறங்கி வாங்காமல் வருவது சிரமம்.

மூதூரைப் பற்றி ஒரு பழைய கதையும் உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலில் சேதமான கப்பலைத் திருத்தக் கொட்டியாரத்தில் இறங்கிய ஆங்கிலேயர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ். 1679இல்தான் அவரால் தப்பியோட முடிந்தது. சிறையிருந்த காலத்தில் தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும் பிழைத்திருக்கிறார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் ஒரு புளியமரத்தடியில் இருந்ததாக மூதூரில் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் வேலை செய்ய முதலில் தேடுவது ஒரு மர நிழல்தான் போலும்!

மூதூரிலிருந்து தெற்கே போனால் தோப்பூர். இரு புறமும் வயல்கள். அல்லைத் திட்டத்தின் நீரை நம்பிய விவசாயம். முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் ஊர். சுற்றிவரத் தமிழ்க் கிராமங்களும், சேருவில பக்கம் சிங்களக் கிராமங்களும் உள்ளன. 2006ஆம் ஆண்டு மாவிலாறு மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து சண்டை மூண்டபோது, மூதூர், தோப்பூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்து மீண்டும் அடுப்பு மூட்டிய ஊர் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், சந்தியில் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கடை ஒவ்வொன்றும் சாதாரணமாகத் தெரியாது.

தேத்தண்ணிக் கடையில் நான்

முதல் நாள் பதினொரு மணி வெயிலில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பெட்டிஸ், பணிஸ், உழுந்து வடை. ஒரு நானா நீளக் கையால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். நான் நுழைந்ததும் கதை நின்றுவிட்டது. யாரும் தவறாகப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும், சேலை கட்டி, தலை மூடாமல், தனியாக வந்த வெளியூர்க்காரிக்காக அவர்கள் தங்கள் கதையை நிறுத்தியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

கடைக்கார நானா நல்ல மனிதர். "மிஸ், உள்ளுக்கு வாங்க, ஃபெமிலி ரூம் இரிக்கி" என்று பலகைத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஒரு மேசை, இரண்டு கதிரை, மூலையில் சோடாப் போத்தல் பெட்டிகள். விசிறி இல்லை, வெளிச்சம் போதாது. பக்கத்திலே சமையலறைப் புகை. அரை மணி நேரத்தில் கண் எரிந்தது. பிளேன்டீக்குக் காசு வாங்க அவர் மறுத்துவிட்டார். எனக்குப் பாதுகாப்பான இடம் கொடுத்ததாக அவர் நினைத்தார். நானோ ஒளித்து வைக்கப்பட்டவள் போல உணர்ந்தேன். இரண்டும் உண்மைதான்.

அதற்குப் பிறகு பேக்கரியில் நின்றபடி எழுதிப் பார்த்தேன். பஸ் தரிப்பில் மடியில் கணினியை வைத்து எழுதினேன். ஒரு நாள் மர நிழலில் எழுதிக்கொண்டிருந்தபோது ஆடு ஒன்று என் படிவத்தைத் தின்றுவிட்டது. பெரும்பாலும் மாலை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கியே அறிக்கை எழுதினேன்.

தட்டு போகும், ஆள் போக முடியாது

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கடைகளில் விற்கும் இடியப்பமும் ஆப்பமும் பிட்டும் எங்கிருந்து வருகின்றன? விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் பெண்கள் வீட்டில் செய்து கொடுப்பவை அவை. சிறுவர்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெண்ணின் கை பட்ட தட்டு கடைக்குள் போகிறது. அந்தப் பெண் போவதில்லை.

இதைத் தோப்பூரின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கோப்பிக் கடைகள் கொடிகட்டிப் பறந்த பதினேழாம் நூற்றாண்டு இலண்டனிலும் இதே நிலைதான். அங்கே சில கடைகளை விதவைகள் நடத்தினார்கள், பெண்கள் பரிமாறினார்கள். வந்திருந்து அரசியலும் வியாபாரமும் பேசியவர்களோ ஆண்கள். 1674இல் "கோப்பிக்கு எதிராகப் பெண்களின் விண்ணப்பம்" என்றொரு கேலிப் பிரசுரம்கூட வெளிவந்தது. ஆண் துணையின்றி ஒரு பெண் கௌரவமாக இருந்து தேநீர் குடிக்க அந்த நகரத்தில் வசதி பெருகியது, 1864இல் ஒரு ரொட்டிக் கம்பனி தேநீர்க் கடைகளைத் திறக்கத் தொடங்கிய பின்னர்தான்.

றே ஓல்டன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் எழுதிய நூலில் "மூன்றாவது இடம்" என்ற கருத்தைச் சொன்னார். வீடு முதலாவது இடம், வேலைத்தலம் இரண்டாவது. இரண்டுமல்லாமல் மனிதர்கள் ஆறுதலாகக் கூடிக் கதைக்கும் கோப்பிக் கடை, சலூன், புத்தகக் கடை போன்றவை மூன்றாவது. பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தவள் நான். நமது ஊர்ப் பெண்களின் மூன்றாவது இடம் எது என்று அப்போது யோசிக்கவில்லை. கிணற்றடியா? குழாய் நீர் வந்து அதையும் குறைத்துவிட்டது. கிளினிக் வாங்கா? அங்கே நோயாளியாகத்தான் இருக்க முடியும்.

ராத்தாவின் விறாந்தை

ஒரு நாள் விபரம் எடுக்கப் போன வீட்டில் ஒரு ராத்தாவைச் சந்தித்தேன். நாற்பதுகளின் நடுவில் வயது. கணவர் நோயாளி. மகள் உயர்தரம் படிக்கிறாள். இரண்டு தடவையாக ஒன்பது வருடம் சவூதியில் வீட்டு வேலை செய்தவர். உழைப்பில் வீட்டின் முன்பக்கம் எழும்பியிருக்கிறது. பின்பக்கச் சுவர் பாதியில் நிற்கிறது.

விறாந்தையில் அடுப்பொன்றை வைத்து மாலையில் வடையும் கோப்பியும் விற்கிறார். இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்த்து இடித்த கோப்பி. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் இப்படிப் போடுவார் அம்மா. மற்றபடி செத்த வீட்டில் இரவு விழித்திருப்பதற்குக் கோப்பி. நமது நாடு தேயிலை நாடாகிவிட்டதில் கோப்பி மருந்தாகச் சுருங்கிவிட்டது.

உண்மையில் மலையகத்தில் முதலில் கோலோச்சியது கோப்பிதான். தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் நடந்து வந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் இருபது வருடங்களுக்குள் அந்தத் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டு முற்றத்துக் கோப்பி மரங்கள் மட்டும் ஆங்காங்கே தப்பின.

கோப்பியைக் கையில் தந்தபடி ராத்தா சவூதிக் கோப்பியைப் பற்றிச் சொன்னார். அங்கே கொட்டையை இளவறுவலாக வறுத்து ஏலக்காய் சேர்ப்பார்கள். சீனி போடுவதில்லை, பேரீச்சம்பழத்தோடு குடிப்பார்கள். நீண்ட மூக்குள்ள பாத்திரத்தை இடது கையிலும், பிடியில்லாத சின்னக் கோப்பைகளை வலது கையிலும் பிடித்து, கொஞ்சமாக ஊற்ற வேண்டும். விருந்தாளி கோப்பையை மெல்ல ஆட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தோம்பலின் அடையாளமாக இந்த அரபுக் கோப்பியை யுனெஸ்கோ 2015இல் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

"ஒம்பது வருஷம் ஊத்தினேன் மிஸ்," என்றார் ராத்தா. "எத்தனை பேருக்கு ஊத்தியிருப்பேன் எண்டு கணக்கில்ல. ஒரு நாளும் இருந்து குடிக்கல்ல. அடுக்களைல நின்டுதான் குடிச்ச."

நான் செய்த பிழை

என் படிவத்தில் வாழ்வாதார உதவிக்கென்று நான்கு கட்டங்கள் இருந்தன: தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், சிறு கடை. சிறு கடைக்கு அனுமதி கிடைப்பது தாமதமாகும் என்பதால், அவரிடம் கேட்காமலே தையலில் அடையாளமிட்டுவிட்டேன். நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன்.

விடயத்தைச் சொன்னதும் அவர் என்னை அறைக்குள் அழைத்துப் போனார். பழைய துணி மூடிய தையல் மெஷின் ஒன்று மூலையில் நின்றது. முன்பு யாரோ கொடுத்தது. "இந்தத் தெருவுல மூணு இரிக்கி மிஸ். தைக்கக் குடுக்க ஆள் வேணுமே. எனக்கு மெஷின் வேணா. நாலு கதிரை தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கதிரை எப்படி வாழ்வாதாரமாகும் என்று கேட்டேன்.

"கோப்பி வாங்க வாற பொம்புளையள் நின்டு குடிச்சிட்டு ஓடுறாங்க. இரிக்க இடம் இரிந்தா ரெண்டு வடை தின்பாங்க. கொஞ்சம் கதைப்பாங்க. நாளைக்கும் வருவாங்க" என்றார்.

நான்கு வருடம் பட்டப்படிப்பு படித்த எனக்கு விளங்காத மூன்றாவது இடத்தை அவர் நாலு கதிரையில் சொல்லிவிட்டார். அன்று மாலை பஸ்ஸில் வெட்கத்தோடு படிவத்தைத் திருத்தினேன். மேலிடத்திலிருந்து "கதிரை தளபாடம், வாழ்வாதாரம் அல்ல" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். நான்கு மாதம் சென்று ஒரு மேசையும் ஆறு பிளாஸ்ரிக் கதிரைகளும் கிடைத்தன. அதற்கிடையில் அயலவர்கள் தங்கள் வீட்டுக் கதிரைகளைத் தூக்கி வந்து போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. "ரோட்டப் பாத்து பொம்புளையள் இரிக்கிறது சரியா?" என்று ராத்தாவின் தம்பி கோபித்தார். ராத்தா சண்டை பிடிக்கவில்லை. இடுப்புயரத்துக்குக் கிடுகு கட்டினார். வாசலில் மாமியாரை ஒரு கதிரையில் இருத்தினார். மஃரிபுக்கு முன் மூடிவிடுவதாக ஒப்புக்கொண்டார். இப்போது மாமியார் இருக்குமிடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. தம்பியின் மனைவியே தினமும் வருகிறார்.

இன்று அந்த விறாந்தையில்தான் என் அறிக்கைகளை எழுதுகிறேன். எனக்கு எதிரே, கொழும்புக் கம்பனியொன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு விபரம் பதியும் ஒரு தங்கச்சி இருப்பாள். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள், அதனால் இரண்டு மணி நேரம் இங்கே வருகிறாள். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார், பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து மரக்கறி விற்க வரும் அக்கா, எல்லோரும் அங்கே இருந்து கதைக்கிறார்கள். நுண்கடன்காரன் தவணைக்கு வரும் நாளில் யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுப்பது என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. நான் பத்து வீடு ஏறி இறங்கிச் சேர்க்கும் விபரத்தை அந்த மேசையில் ஒரு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். ஆனால், அங்கே கேட்டதைப் படிவத்தில் எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

இடம் தேடும் சகோதரிகளுக்கு

உள்ளூரோ வெளிநாடோ, வேலைக்கும் ஓய்வுக்கும் ஒரு கடையைத் தேடும்போது நான் பார்க்கும் சில விடயங்கள்:

முதலில், உள்ளே வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கோப்பியின் ருசியைவிட இது முக்கியம். அடுத்தது, பெண்கள் பாவிக்கக்கூடிய மலசலகூடம். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுதும் வெளியில் திரிந்து சிறுநீர்த் தொற்று வாங்கிய பெண்கள் நம்மில் ஏராளம்.

முதல் தடவை கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். கடைக்காரருடன் இரண்டு வார்த்தை கதையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இன்னொன்று வாங்குங்கள். கூட்டம் வந்தால் மேசையை விட்டுக்கொடுங்கள். மின்சாரம் எடுக்கும்போது கேட்டு எடுங்கள், சிறிய கடைக்கு அதுவும் செலவுதான். பொது இணைய இணைப்பில் வங்கி வேலை செய்யாதீர்கள். பிறருடைய குடும்ப விபரங்களைத் திரையில் திறந்து வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள்.

பெண்கள் நடத்தும் கடைகளை விசாரித்து வையுங்கள். வடக்கே அம்மாச்சி உணவகங்களும், நாட்டின் பல இடங்களில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகங்களும் பெண்களின் கையால் நடப்பவை. கேரளாவில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் உணவகங்களும் அப்படியே. அங்கே தனியாகப் போய் இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கடவுச்சீட்டு

போன வாரம் ராத்தா எனக்கு ஒரு கடவுச்சீட்டைக் காட்டினார். புதுப்பித்தது. ஏஜென்ட் அடிக்கடி தொலைபேசி எடுக்கிறாராம். நல்ல நாளில் நாற்பது கோப்பை போகிறது. ஆனாலும் சவூதிச் சம்பளத்தில் பாதி வராது. பின்சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மகளின் படிப்புச் செலவு இனிமேல்தான் இருக்கிறது.

"போவீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியா மிஸ். மகள்ட சோதினை முடியட்டும்" என்றார். பிறகு கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, தனக்கும் ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

அவர் போகக் கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அவர் இங்கேயே இருப்பதற்கு நாற்பது கோப்பையை அறுபதாக்க வேண்டும். ஆகவே சகோதரிகளே, அந்தப் பக்கம் பயணம் போனால் பாலத்தைப் பாருங்கள், குடாவைப் பாருங்கள், தயிரும் வாங்குங்கள். பிறகு தோப்பூரில் இறங்கி, கிடுகு கட்டிய விறாந்தை எங்கே என்று எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், காட்டுவார். நின்று குடித்துவிட்டு ஓடாதீர்கள். இருந்து குடியுங்கள்.